இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்

பத்து நிமிஷ வேலையிலிருந்து தப்பிக்கப் பத்து மாதம் மாடாய் உழைக்கிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் டிரோன் மைதானத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கிராம் சார்.

இருநூற்றைம்பது கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனைப் பதிவு செய்து, நம்பர் ஒட்டித்தான் பறக்கவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு பக்க விண்ணப்பம், ஒரு கையெழுத்து. நாங்களெல்லாம் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டோம். கிராம் சாரின் டிரோன் இருநூற்று எழுபது. அவர் போடுவாரா கையெழுத்து?

"என் பொம்மைக்கு நான் எதுக்குய்யா இன்னொருத்தர்கிட்ட நம்பர் வாங்கணும்?"

சமையலறைத் தராசைத் தூக்கிவந்தார். பெயிண்டைச் சுரண்டி, திருகாணியில் பாதியைக் கழற்றி, விளக்கைப் பிடுங்கி, கடைசியில் கால்களையும் வெட்டியெறிந்து (அன்றிலிருந்து டிரோன் இறங்கும்போதெல்லாம் அவர் மனைவி தலையணையோடு அதன் கீழே ஓட வேண்டியிருந்தது), இருநூற்று நாற்பத்தொன்பதுக்குக் கொண்டுவந்துவிட்டார். தூசி படிந்தால் எடை ஏறிவிடுமாம், அதனால் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"ஃபாரத்தை நானே எழுதித் தரேங்க, கையெழுத்து மட்டும் போடுங்க" என்று அந்த அம்மாள் கெஞ்சிப் பார்த்தாள்.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கும்மா!"

போன ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் வகுப்புத் தோழிகள் ஆறு பேரை மைதானத்துக்கு இழுத்துவந்திருந்தாள். 'எங்கப்பா டிரோன் மேகத்தைத் தொடும்' என்று வருஷம் முழுக்கப் பீற்றியிருக்கிறாள், ஒருத்திகூட நம்பவில்லை. பாவம், அன்று பார்த்தா பதிவு அலுவலகத்து மேடம் தராசும் கையுமாக வந்து நிற்க வேண்டும்! நம்பர் இல்லாமல் எடை மீறினால் டிரோன் பறிமுதல்.

கிராம் சார் முகத்தில் கல்யாணக் களை. இந்த நாளுக்குத்தானே மனிதர் காத்திருந்தார்!

"நம்பர் எங்க சார்?"

"தேவையே இல்ல மேடம். எடை போட்டுப் பாருங்க."

போட்டார். இருநூற்று ஐம்பத்துமூன்று.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை, சத்தியமாக. ஒரு நிமிஷம் வரைக்கும்.

மேடம் டிரோனைக் குப்புறத் திருப்பினார். வயிற்றில் ஒரு அட்டை, லேமினேஷன் செய்து, நாலு பக்கமும் டேப் அடித்து: 'எடை 249 கிராம். பதிவு தேவையில்லை.'

"அப்பா, அந்த அட்டையப் பிச்சிடுங்க, சரியாயிடும்!" என்று மகள் கத்தினாள்.

"அதெப்படிம்மா? அதுதானே ஆதாரம்!"

குழந்தைக்கு உதடு துடித்தது. தோழிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மேடம் பெருமூச்சு விட்டு, பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினார். "கையெழுத்துப் போட்டா இங்கயே நம்பர் தரேன். இல்லேன்னா எடுத்துட்டுப் போறேன்."

கிராம் சார் ஃபாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். போட்டார். மொத்தம் எட்டு நிமிஷம். டிரோன் எழும்பியது, ஏழு பெண்களும் கூச்சல் போட்டார்கள், அம்மாள் தலையணையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

என்ன, சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே, உங்கள் மேஜை இழுப்பறையில் போன வருஷத்திலிருந்து கிடக்கிறதே ஒரு ஃபாரம், அதை நிரப்பாமலிருக்க வைத்திருக்கிறீர்களே ஒரு கொள்கை, அது எத்தனை கிராம் என்று கொஞ்சம் நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.