எட்டு எழுத்துச் சாவி

காலை பத்து இருபதுக்குக் கணினித் திரை குப்பென்று இருண்டது. பிறகு தானாகவே விழித்துக்கொண்டு, எட்டுக் கட்டங்களை வரிசையாகக் காட்டி, ரகசியச் சொல் என்ன என்று கேட்டது. மேலே மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கன்னையாவுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கூடத்தில் டெலிபோன் அடித்தது; தேநீர் போடும் பவுனம்மாள் எடுத்து, "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டு உள்ளே போனாள். கன்னையா கடைசிக் கன்டெய்னரின் சீல் நம்பரைத் தட்டி முடித்து, பட்டியலை அச்சடிக்க விரலைத் தூக்கினார். தூக்கிய விரல் தூக்கியபடி நின்றது.

வெளியே, துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானின் வெயிலில் பன்னிரண்டு லோரிகள் நின்றன. ஆறு பச்சை, ஆறு நீலம். அத்தனையிலும் ரப்பர் கையுறைப் பெட்டிகள். பன்னிரண்டு மணிக்குள் பட்டியலோடு துறைமுக வாசலுக்குப் போனால் கப்பல் ஏறும். போகாவிட்டால் வருடம் முழுவதுக்குமான அந்த ஒப்பந்தம் எதிர்த்த லோரிக் கொட்டகைக்காரனுக்குப் போய்விடும். அவன் போன வாரமே கையுறைக் கம்பெனி மேனேஜரைச் சாப்பிடக் கூட்டிப்போய்விட்டான்.

"அண்ணே, லிஸ்ட் ரெடியா?" என்று அய்யாவு கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டான். முதல் லோரி டிரைவர்.

"வருது, வருது" என்றார் கன்னையா. எங்கிருந்து வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

அடைக்கப்பன் பிரதர்ஸ் டிரான்ஸ்போர்ட்டில் அவருக்கு இது இருபத்தாறாவது வருடம். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பிறந்த கையோடு அந்தத் தெருவுக்கே முதல் கணினி இங்கேதான் வந்து இறங்கியது. அன்றிலிருந்து அவர் கம்ப்யூட்டர் கன்னையா. மீன் விற்கிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார், கன்னையா திரும்பிப் பார்க்கிறார். காலைக் கழுவாமல் அந்த அறைக்குள் அவர் போனதில்லை. கணினிக்கென்று குளிரூட்டி வாங்கி மாட்டினார்கள். அறையில் இருந்த ஒரே பிளக்கை அது பிடித்துக்கொண்டதால், கணினியின் ஒயர் சுவரில் போட்ட துளை வழியாகப் பின்னால் பவுனம்மாளின் அடுப்படிக்குப் போனது. அதனால் என்ன, ராஜா வீட்டு யானைக்கும் சங்கிலியைப் பின்கட்டில்தானே கட்டுகிறார்கள்.

பெரிய முதலாளி அடைக்கப்பனுக்கு அந்த இயந்திரத்தின் மேல் கன்னையாவைவிடப் பெருமை அதிகம். பயம் அதைவிட அதிகம். பத்திரிகையில் கணினிச் செய்தி எது வந்தாலும் வெட்டி வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் படித்துக்காட்டி, கருத்துச் சொல்லாமல் விடமாட்டார்.

"அமெரிக்காவுல ஒரு பய டெலிபோன் கம்பி வழியா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டரைப் படுக்க வச்சிட்டானாம். டெலிபோனும் கம்ப்யூட்டரும் ஒரே ரூம்ல இருக்கவே கூடாது" என்றார் ஒருநாள். டெலிபோன் அன்றே கூடத்தின் மறுகோடிக்குப் போனது.

"குப்பைத் தொட்டியில கெடக்கிற காகிதத்தைப் பொறுக்கித்தான் ரகசியத்தைத் திருடுறானுங்களாம்" என்றார் இன்னொரு நாள். அன்றிலிருந்து, கணினியில் ஏற்றிய நம்பர் சீட்டுகளை உடனுக்குடன் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொளுத்துவது கன்னையாவின் வேலை. இன்றைய சீட்டுகளும் அப்படியே ஒவ்வொன்றாகச் சாம்பலாகிவிட்டன.

ரகசியச் சொல் விஷயத்தில் மட்டும் யோசனை, அவருக்கும் தம்பிக்கும் அக்காவான நாச்சம்மை ஆச்சியுடையது. "அப்பச்சி காலத்து இரும்புப் பெட்டிக்கு ரெண்டு சாவி. ஆளுக்கு ஒண்ணா ஒங்க ரெண்டு பேருகிட்டயும் குடுத்தாக. இதுக்கும் அப்படியே வச்சுக்கங்களேன்" என்று பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினாள். அப்பச்சி என்றால் அவர்கள் பேச்சில் அப்பா. ஆக, எட்டு எழுத்தில் முதல் நான்கு அண்ணனுக்கு, அடுத்த நான்கு தம்பிக்கு. ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. சின்னவர் மாணிக்கம் ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்த நேரத்தில், நீலம் என்று முடிவு செய்திருந்த லோரிகளுக்குப் பெரியவர் பச்சை அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஆறு முடிந்த நேரத்தில் தம்பி திரும்பி வந்து மிச்சம் ஆறுக்கும் நீலம் அடித்தார். அத்தோடு பேச்சு நின்றது. ஒரே கூடத்தில் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "கன்னையா, ஒங்க சின்ன முதலாளிகிட்ட டயர் வந்துருச்சுன்னு சொல்லுங்க" என்பார் ஒருவர். "வந்ததைப் பாத்தாச்சுன்னு ஒங்க பெரிய முதலாளிகிட்ட சொல்லுங்க" என்பார் மற்றவர். கன்னையா இரண்டு முறையும் எழுந்து நின்று சொல்வார். முதலாளிகளின் ரோஷத்துக்கும் ஒரு மரியாதை உண்டல்லவா.

தினமும் காலையில் பெரியவர் வந்து நான்கு எழுத்தைத் தட்டுவார். எல்லோரும் சுவர்க் காலண்டரைப் பார்ப்பார்கள். அவர் போனதும் சின்னவர் வந்து நான்கு தட்டுவார், மறுபடியும் காலண்டர். இன்றும் அப்படித்தான் திறந்தார்கள். திறந்த கையோடு பெரியவர் அக்காவைப் பார்க்கப் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளம்பிவிட்டார்.

கன்னையா கூடத்துக்கு ஓடி டெலிபோனைச் சுற்றினார். பாதி மணி அடிக்குமுன் ஆச்சி எடுத்தாள்.

"கன்னையாவா? இரு, அவன்ட்ட குடுக்கிறேன்."

பெரியவர் விஷயத்தைக் கேட்டார். "அணைஞ்சிருச்சா? சரி, வந்து அடிக்கிறேன்... வர முடியாதேய்யா. காரை ஆச்சி பங்சாருக்கு அனுப்பிட்டா, ஏதோ நெய் வாங்கணும்னு. அது எப்ப வருமோ."

"அந்த நாலு எழுத்தை மட்டும் சொன்னீங்கன்னா, ஐயா..."

"டெலிபோன்லயா? கன்னையா, நான் படிச்சுக் காட்டுறதெல்லாம் ஒங்க காதுல ஏறுதா இல்லையா?"

லைன் கட்டாயிற்று.

கன்னையா அறைக்குத் திரும்பினார். அதற்குள் டிரைவர்கள் நான்கு பேர் உள்ளே வந்து குளிர்காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த அறையில் கால் வைக்க அவர்களுக்கு இதுவரை உரிமை கிடைத்ததில்லை.

வேறு வழியில்லாமல் கன்னையா முதல் முறையாக எஜமான துரோகம் செய்தார். முதலாளிகளின் அப்பாவான, காலமான பெரிய ஐயாவின் பேரில் எட்டு எழுத்தைத் தட்டினார். கணினி கீ என்று வீறிட்டது.

"நம்ம மொத லோரி நம்பரும் கடைசி லோரி நம்பரும் போட்டுப் பாருங்கண்ணே" என்றான் அய்யாவு. "எனக்குத் தெரிஞ்சு பெரியவரு அப்படித்தான் வைப்பாரு. லாட்டரிகூட அந்த நம்பர்தான் எடுப்பாரு."

போட்டார். இன்னும் உரக்க வீறிட்டது. இன்னொரு தடவை தப்பினால் திங்கட்கிழமை வரை திறக்கமாட்டேன் என்று திரையில் சிவப்பாக எழுதிக் காட்டியது. அன்று வெள்ளிக்கிழமை.

"ரெண்டு முதலாளி பேரையும் போட்டுப் பாக்கலாம் லா" என்றான் பாலன், பின்னாலிருந்து.

கன்னையா அவனைத் திரும்பிப் பார்த்தார். "அவங்க ரெண்டு பேரோட பேரும் ஒரே வரியில வருமாய்யா? வந்தா மிஷினே வெடிச்சிரும். வெளிய போங்க எல்லாரும்."

யாரும் போகவில்லை. மணி பதினொன்று.

வீறிட்ட சத்தம் பட்டறை வரை கேட்டிருக்கிறது. சின்னவர் மாணிக்கம் கையில் கிரீஸோடு வந்து நின்றார். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னார் கன்னையா.

"ஒங்க பெரிய முதலாளிக்கு லோரி முக்கியமா, நாலு எழுத்து முக்கியமான்னு கேளுங்க."

கேட்பதற்காகக் கன்னையா மறுபடியும் டெலிபோனுக்கு ஓடினார். இந்த முறையும் பாதி மணிதான். பெரியவர் இறங்கவில்லை. "ஒங்க மேல சந்தேகம் இல்ல கன்னையா. அப்பச்சி சாவியை யாருகிட்டக் குடுத்தாக? பெத்த புள்ளைங்ககிட்ட. வேத்தாளுக்குச் சொன்னா அவுக ஆத்மா சாந்தியடையாது."

பின்னாலிருந்து ஆச்சியின் குரல் கேட்டது. "ஏண்டா, அப்ப கூடப்பொறந்தவன்கிட்டச் சொல்லலாம்ல? அவன் என்ன வேத்தாளா?"

கடைசியில் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"ஒங்க சின்ன முதலாளியை... வரச் சொல்லுங்க."

கன்னையா ரிசீவரை நீட்டினார். மாணிக்கம் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வாசலில் பன்னிரண்டு லோரி டிரைவர்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்த கொட்டகையிலிருந்தும் இரண்டு தலைகள் நீண்டன. அந்தத் தலைகளைக் கண்டதும் அவருக்கு முதுகு நிமிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"ம்" என்றார்.

அந்தப் பக்கமும் "ம்" என்றிருக்க வேண்டும்.

"நான்தான்."

அரை நிமிடம் ஓடியது. லோரிகளுக்கு அது அரை நாள்.

"சாப்டாச்சு. இட்லி" என்றார் மாணிக்கம் திடீரென்று. பிறகு, "சரி, சொல்லுங்க. நான் இங்கேருந்து சொல்றேன், கன்னையா அடிப்பாரு. பின்ன எப்படி, டெலிபோனைக் கொண்டாந்து இந்தக் கோடியில வச்சது யாரு?"

கன்னையா அறைக்குப் பறந்தார். கூடம் நீளம், குளிரூட்டி உறுமியது, சொல்வது காதில் விழவில்லை. நடுவில் அய்யாவு நின்று ஒவ்வொரு எழுத்தையும் வாங்கி வீசினான். துறைமுகம் வரை கேட்கிற குரல் அவனுக்கு.

"எம்" என்றார் மாணிக்கம்.

"எம்மு" என்று முழங்கினான் அய்யாவு.

"ஏ."

"ஏயி."

"என்... ஐ." மாணிக்கம் நின்றுவிட்டார். "அண்ணே. இது எம் பேருல்ல?"

'அண்ணே' என்ற சொல் அந்தக் கூடத்தில் கேட்டு இரண்டு வருடம். பெரியவர் டெலிபோனில் பேசினால் எப்போதுமே கத்துவார்; இன்று கத்தியது வாசல் வரை கேட்டது.

"ஒம் பேரை நான் வைப்பேன்னு எவனுக்காவது சந்தேகம் வருமாடா? அதுதான்டா செக்யூரிட்டி. நான் பேப்பர் படிக்கிறவன்."

யாரும் சிரிக்கவில்லை. மாணிக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

"மீதி நாலு, சின்னவரே" என்று கன்னையா உள்ளிருந்து கெஞ்சினார். "மணி பதினொண்ணு பத்து."

"அதை நானே வந்து அடிக்கிறேன்."

"நீ இப்பவே சொல்லு, எனக்கும் தெரியணும்" என்றது டெலிபோன்.

மாணிக்கம் ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினார். பிறகு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையனைப்போல மெதுவாகச் சொன்னார். "ஏ... டி... ஏ... ஐ."

அய்யாவு முழங்க வாயெடுத்தவன், முழங்காமல் கன்னையாவிடம் நடந்துபோய்ச் சொன்னான். "அடை, அண்ணே. அடைக்கப்பன்ல பாதி."

கன்னையா தட்டினார். இரண்டு பேரும் ஒரே வரியில் வந்தார்கள். இயந்திரம் வெடிக்கவில்லை, வீறிடக்கூட இல்லை. கட்டங்கள் மறைந்து, ஏற்றிய நம்பர் ஒன்றுகூடக் குறையாமல் பட்டியல் வந்து நின்றது. அச்சு இயந்திரம் கரகரவென்று காகிதத்தைக் கக்க ஆரம்பித்தபோது கன்னையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தக் குடும்பத்துக்குத்தான் இருபத்தாறு வருடம் உழைத்தோம் என்று நெஞ்சு விம்மியது. ஆயிரம் கணினி வரட்டும், இப்படி ஒரு சாவி எந்தக் கணினிக்கு இருக்கிறது?

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்" என்றான் பாலன். அவனை யாரும் கவனிக்கவில்லை.

பதினொன்றேகாலுக்குப் பச்சையும் நீலமுமாகப் பன்னிரண்டு லோரிகள் வரிசை பிடித்து வெளியேறின. எதிர்த்த கொட்டகையைத் தாண்டும்போது அய்யாவு தேவையில்லாமல் நீளமாக ஹாரன் அடித்தான். பதினொன்று ஐம்பதுக்கு எல்லா லோரியும் உள்ளே போய்விட்டது என்று துறைமுக வாசல் ஆபீஸிலிருந்து சொல்ல அவன் பலமுறை முயன்றிருக்கிறான். லைன் கிடைக்கவில்லை, ஏனென்றால் மாணிக்கம் இன்னும் டெலிபோனை வைக்கவில்லை.

"பச்சையாவே இருக்கட்டும்ணே, பாக்க நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீலம்னு சொன்னா நீலம்டா" என்று கத்தியது டெலிபோன். "பன்னெண்டுக்கும் நீலம். பெரியவன் சொல்றதைக் கேளு."

"அப்படிச் சொன்னா எனக்குக் கோவம் வரும்ணே."

கன்னையா பயந்துபோய்ப் பின்கட்டுக்கு நடந்தார். பவுனம்மாள் எல்லோருக்கும் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குவளையை வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் கன்னையாவுக்குரிய மிடுக்கோடு அவர் சுவரோரப் பிளக்கைச் சுட்டிக்காட்டினார்.

"பவுனு, இனிமே அது பக்கத்துல சாமான் கழுவாத. தெரியாம ஒன் கை பட்டுத்தான் அணைஞ்சிருக்கும். நல்லவேளை, நான் இருந்தேன், சமாளிச்சேன். முதலாளிகிட்டச் சொல்லமாட்டேன், பயப்படாத."

பவுனம்மாள் அவரை வியப்போடு பார்த்தாள்.

"தெரியாமப் படல அண்ணே, வேணும்னுதான் புடுங்கிச் சொருகினேன். 'பெரியவன் வந்து ஒக்காந்துட்டான், காரையும் அனுப்பிட்டேன், இப்பப் புடுங்கு'ன்னு ஆச்சி போன் பண்ணி, நான் 'ராங் நம்பர்'னு வச்சப்ப நீங்க கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"