என் சாவில் உங்கள் மருமகள் சொன்னவை

நிகோட்டகோட்டாவுக்கு வடக்கே,
ஊர்த் தலைவர் வீட்டு மாமரத்தடி,
செவ்வாய் காலை.

என் மனைவியின் தாய்மாமனும், எங்கள் கல்யாணத்துக்குப் பிணை நின்றவருமான மாமா செப்ரோன் சிம்பேனி அவர்கள் சமூகத்துக்கு, லாக்சன் கபிச்சி இரண்டு கையையும் தட்டி வணங்கி எழுதிக்கொள்வது.

நீங்கள் நலமாக விழித்திருந்தால் நானும் நலமாக விழித்தேன். அத்தை சுகமா, ஆடுகள் சுகமா, உங்கள் இடுப்புவலி சுகமா? உங்கள் மருமகள் மெலியா சுகமா என்று என்னைக் கேட்காதீர்கள், நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இன்றைக்குப் பஸ் பிடித்து டெட்சாவுக்கு, உங்கள் வீட்டுக்கே கிளம்புகிறாளாம். அவள் வாய் அங்கே வந்து சேருவதற்குள் என் நியாயம் வந்து சேரவேண்டும் என்று முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது முழங்காலின் குற்றம்.

புகையிலை ஏலக்களத்தில் முப்பது வருஷம் எடைபோட்டு ஓய்வு பெற்றவன் நான். கல்யாணமான புதிதில், "ஏரியை அடியிலிருந்து நுனிவரைக்கும் காட்டுறேன்" என்று மெலியாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது ஆச்சு முப்பத்தொரு வருஷம். போன மாதம் லிலோங்வே பெட்ரோல் பங்கில் ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி, காரின் தலையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, நம் ஏரியை முழுசாகச் சுற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். மெலியா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். மறுவாரமே என் பழைய பிக்கப்பின் பின்பக்கம் மெத்தையைப் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, தெற்கு முனையிலிருந்து கிளம்பிவிட்டோம். முதல் நாள் குரங்கு வந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு போனது. இரண்டாம் நாள் கரையில் தங்கியிருந்தபோது நீர்யானை வந்து வண்டியின் பின்பக்கத்தில் முதுகைச் சொறிந்துகொண்டது, நான் மெலியாவை முன்னால் தள்ளினேன் என்று அவள் சொல்வாள், நம்பாதீர்கள், வழிவிட்டேன். சலிமாவில் ஆறு சம்போ மீன் வாங்கி, உள்ளே நாற்றமடிக்கும் என்று எல்லோரையும்போல வண்டிக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டாள். அதில் இரண்டு என் கண்ணுக்கு நேராகக் காற்றில் ஆடிக்கொண்டே வந்தன. அவை என்னைப் பார்க்க, நான் அவற்றைப் பார்க்க, ரோட்டை யார் பார்ப்பது?

மூன்றாம் நாள், அதாவது நேற்று, மாம்பழம் வாங்க நிறுத்தினேன். பேரம் பேசிவிட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சுவிடவில்லை. பானெட்டைத் திறந்து ஒரு மணி நேரம் ஆராய்ந்தேன். எனக்கு வண்டியைப் பற்றித் தெரியாதது கிடையாது மாமா, எஞ்சின் களைத்துவிட்டது என்று கண்டுபிடித்தேன். சரி, வண்டி நின்றால் மற்ற வண்டிகளுக்கு அடையாளமாக ரோட்டில் இலைக்கொத்து போடவேண்டும், அது நம் நாட்டில் குழந்தைக்கும் தெரியும். பத்தடிக்கு ஒரு கொத்து போதும். ஆனால் நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனா? பெரிய பெரிய கிளையாக ஒடித்து, இந்தப் பக்கம் ஒரு குவியல், அந்தப் பக்கம் ஒரு குவியல் போட்டேன். பிறகு மெலியா, "போய்ப் படுங்க, யாராவது வந்தா எழுப்புறேன்" என்றாள். ஏரிப்பூச்சி மொய்த்ததால் பின்பக்க மெத்தையில் வெள்ளைப் போர்வையைத் தலையோடு காலாக இழுத்துப் போர்த்தித் தூங்கிப்போனேன்.

வண்டிக்குச் சின்னக் கொத்து, சாவுக்குப் பெரிய கிளை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வெளியே மெலியா வெயிலுக்குத் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நான் கண் விழித்தபோது லாரிகள் மெதுவாகப் போகின்றன, பெண்கள் தேவாலயப் பாட்டு பாடுகிறார்கள், எங்கேயோ சோளக்களி கிண்டுகிற வாசனை வருகிறது. பாட்டு நன்றாக இருந்ததால் கொஞ்ச நேரம் கேட்டேன். ஊர்த் தலைவரின் குரல்:

"உள்ள படுத்திருக்கிறது யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்."

தூங்குகிறார் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் என்ன கெட்டுப்போகும்? சேர்க்கவில்லை! இதை நீங்கள் அவசியம் கேட்கவேண்டும். எழுந்து உட்கார்ந்திருக்கலாமே என்று அவள் கேட்பாள். மாமா, தன் சாவுக்குத் தானே போகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வாளே, கேட்டுவிட்டு எழுவோம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஒரு கிழவி கேட்டாள்:

"மனுஷன் எப்படி, நல்லவரா?"

"யாரு, இவரா? வழி தெரியாது, கேக்கவும் மாட்டார். கேட்டாலும் சொன்ன வழியில போகமாட்டார்."

"அடப் பாவமே."

"குறட்டை விட்டார்னா நாலு வீடு தள்ளி நாய் பதில் சொல்லும். குழம்பைக் கொடுத்தா தராசுல வச்ச மாதிரி தூக்கித் தூக்கிப் பார்ப்பார், எனக்கு எத்தனை துண்டு, உனக்கு எத்தனை துண்டுன்னு."

"பரவால்லம்மா, என் வீட்டுக்காரரும் அப்படித்தான், போய்ச் சேந்து எட்டு வருஷமாச்சு, நிம்மதியாத்தான் இருக்கேன்."

அழ வந்தவர்கள் துணியை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பது எனக்குக் கேட்கிறது. முப்பத்தொரு வருஷம் மாமா! ஒரு நல்ல வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, வரவில்லை. போர்வைக்குள் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதற்குள் குழி தோண்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள், முதலில் கோழி எங்கே என்று கேட்டார்கள், கோழி வெந்துகொண்டிருக்கிறது என்றதும் வேலையில் இறங்கினார்கள். ஒருவன் நாணல் தட்டையை என் பக்கத்தில் வைத்து அளந்தான். "ஆள் குட்டைதான்டா, அஞ்சடி ரெண்டு போதும்" என்றான். நான் வேறு எதையும் பொறுத்துக்கொள்வேன், அளவில் பொய் பொறுக்கமாட்டேன். "அஞ்சடி நாலுடா, மடையா!" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

பிறகு நடந்ததை எழுத முடியாது. களிப்பானை கவிழ்ந்தது, குழி தோண்டுகிறவர்கள் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஏரிப்பக்கம் ஓடினார்கள், ஊர்த் தலைவர் மட்டும் கௌரவத்துக்காக ஓடாமல் நின்றார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எல்லாம் அடங்கியதும், "செத்தவன் எந்திரிச்சா எந்திரிச்சுட்டுப் போறான், வெந்த கோழியை வீணாக்கக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் சாப்பிட்டோம். எனக்குக் கோழிக்கால் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மெலியாவைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை இப்பவாவது சொல்லு" என்றேன். "ஒழுங்கா செத்தப்புறம் கேளுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியென்றால் வண்டி வீட்டுக்குத்தான் திரும்பும், வடக்குமில்லை, ஏரி முடிகிற கரோங்காவுமில்லை என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுப் பெண்களோடு போய்ப் படுத்துவிட்டாள்.

ஆகவே மாமா, அன்றைக்குக் கல்யாணம் பேசிச் சேவலும் கோழியும் கைமாற்றி எங்களைச் சேர்த்து வைத்தவர் நீங்கள்தான். அவள் வந்ததும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கூட்டி, நடுவில் உட்காரவைத்துக் கேளுங்கள்: இந்த லாக்சனிடம் ஒரு நல்ல குணம்கூட இல்லையா? இருக்கிறது என்றால் நான் முழங்காலில் வந்து கூட்டிப்போகிறேன். இல்லை என்றால், இல்லை என்றாலும் கூட்டிப்போகிறேன், அவள் இல்லாமல் எனக்கு இந்த வண்டியில் ஒரு மைல்கூடப் போகத் தெரியாது. ஆனாலும் நீங்கள் கேளுங்கள்.

உங்கள் சோளத்துக்குக் காலத்தில் மழை பெய்யட்டும், உங்கள் களஞ்சியத்தை எலி மறக்கட்டும், அத்தையின் கை உங்கள் தட்டில் தாராளமாக இருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
லா. கபிச்சி (உயிரோடு)

பி.கு: இந்த ஊரிலிருந்து இன்றைக்கு டெட்சா பக்கம் போகிற ஆள் யாருமே இல்லையாம், மெலியாவைத் தவிர. வேறு வழியில்லாமல் நன்றாக ஒட்டி அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். பிரிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

மாமா, மெலியா எழுதுறேன். பிரிச்சுட்டேன். பெரியவங்களை எல்லாம் கூட்ட வேண்டாம், நான் வரலை. இதை பஸ் டிரைவர்கிட்ட கொடுத்து விடுறேன். எஞ்சின் ஒண்ணும் களைக்கலை. ரெண்டு ராத்திரியா நீர்யானைக்குப் பயந்து எனக்குக் காவல் உக்காந்திருந்தார், நேத்து வண்டி ஓட்டும்போது ரெண்டு தடவை கண்ணு சொருகிருச்சு. தூங்குங்கன்னா தூங்குற ஆளா? அவர் மாம்பழத்துக்குப் பேரம் பேசின நேரத்துல பேட்டரி வயரை நான்தான் கழட்டி விட்டேன். இன்னைக்குக் காலையில அவர் மாமரத்தடியில இதை எழுதிக்கிட்டிருந்தப்ப திரும்ப மாட்டிட்டேன். தன் கைராசியிலதான் வண்டி கிளம்புச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கார், சொல்லட்டும். அந்தக் கிழவி நல்லவரான்னு கேட்டப்ப போர்வையில ஒரு கால் விரல் மட்டும் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு மாமா. அதைப் பாத்ததும், ஒரு நாள் இப்படித்தானே கிடப்பார்னு தோணிருச்சு. நல்லதைச் சொல்ல வாய் திறந்தா நிஜமாவே அழுதிருப்பேன், அதான் திட்டினேன். நான் ஏறி உக்காந்துட்டா வண்டியை வடக்கேதான் ஓட்டுவார், நாங்க கரோங்காவுக்குப் போறோம். அவருக்குப் பதில் எழுதினா நீங்களும் நாலு திட்டு சேர்த்தே எழுதுங்க. நல்ல வார்த்தையைக் கேட்டுட்டா மனுஷன் திருப்தியா போய்ச் சேந்துருவாரோன்னு எனக்குப் பயமா இருக்கு.