மாதா வாங்கிக்கொண்ட கால்

முள்மரத்து மாதா கோயில் நானூறு வருஷமாக அந்த மலைமேல்தான் இருக்கிறது. கூட்டம் அலைமோதத் தொடங்கியது என்னவோ, எவரிஸ்தோ கோயில் காவலனாக வந்த பிறகுதான்.

நோவுகிற உறுப்பை மெழுகில் வாங்கித் தொங்கவிடுவது ஸ்பெயின் நாட்டு எஸ்த்ரெமதூரா பக்கத்துப் பழைய வழக்கம். அதில் எவரிஸ்தோ ஒரு புதுமை செய்தான். தொங்கவிட்டது காலையில் காணாமல் போயிருந்தால் மாதா வாங்கிக்கொண்டாள், நோய் தீர்ந்தது. அங்கேயே இருந்தால் பக்தி போதாது, இன்னொன்று வாங்க வேண்டும். மெழுகுக் கடையும் அவனுடையதுதான். மாதாவுக்கு அதில் பங்கு உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

ஒப்தூலியாவின் புருஷன் பெர்மினுக்குக் காலில் சர்க்கரைப் புண். இந்த வாரமே அறுவை செய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெர்மின் தொங்கவிட்ட மெழுகுக் கால் மறுநாள் மாயம். அதன்பிறகு ஆஸ்பத்திரி என்றாலே சீறினான்.

"மாதாவே வாங்கிட்டா. டாக்டரு அவளுக்கும் மேலயா?"

"அவ வாங்கின காலு ஏன்யா இன்னும் நாறுது?"

"வாயக் கழுவுடி."

ஒப்தூலியா மேற்கொண்டு சண்டை போடவில்லை. "சரி, நன்றிக்கு இன்னொரு காலு போடுவோம்" என்றாள். பெண்டாட்டிக்குப் புத்தி வந்துவிட்டது என்று பெர்மின் மகிழ்ந்து போனான். அவள் புதுக் காலின் குதியை லைட்டரில் இளக்கி, அவன் கோட்டிலிருந்து பிய்த்த பித்தளைப் பொத்தானை உள்ளே அழுத்தி, வழித்து மூடித் தொங்கவிட்டாள்.

மறுநாள் திருவிழா. கொக்கி காலி.

"ஏத்துக்கிட்டா" என்று எவரிஸ்தோ கையை விரித்தான். கூட்டம் முழங்காலில் விழுந்தது. எழுந்ததும் நேராகக் கடைக்கு ஓடியது.

ஒப்தூலியா புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள். கடையில் தொங்கிய கால்களின் குதியை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் ஓங்கி அடித்தாள். பொத்தான் உருண்டு விழுந்தது.

பெர்மின் அதைப் பார்த்தான். தன் கோட்டில் தொங்கிய நூலைப் பார்த்தான். "இது என்னோடதாச்சே."

எவரிஸ்தோ மறுபடியும் கையை விரித்தான். "மாதா மனசிரங்கித் திருப்பிக் குடுத்திருப்பா."

ஒப்தூலியா உடைந்த காலில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாள். "திருப்பிக் குடுக்கிறவ விலைச்சீட்டும் ஒட்டியா குடுப்பா?"

தன் காலை வாரிவிடப் பார்த்தவன் யார் என்று பெர்மினுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்டி" என்றான். ஒப்தூலியா அவன் கையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

வரிசையில் ஓர் அம்மாள் கையில் மெழுகுத் தலையோடு ஒப்தூலியாவைப் பார்த்து விழித்தாள். "எனக்குத் தீராத தலைவலி. இதை வாங்கவா, வேண்டாமா?"

"கழுத்துக்கு மேல ஏற்கெனவே ஒண்ணு இருக்கேம்மா" என்றாள் ஒப்தூலியா. " மொதல்ல அதைப் பயன்படுத்திப் பாருங்க."