நன்றி சொல்லாத இழைகள்

ஆரம்பிக்க மட்டுமே தெரிந்த ஓர் இனம் உண்டு, வாசகரே. முடிக்கத் தெரியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும். எங்கள் ஊரான மொந்தெவிதேயோவில், நான் வேலை பார்க்கும் மென்பொருள் ஆபீசில், அதற்குப் பெயர் ஏபெர்.

புரோகிராமில் ஒரே சமயத்தில் பல வேலை நடக்க வேண்டுமென்றால் இழைகளை உண்டாக்குவோம். வேலைக்கு ஆள் போடுவது போலத்தான். மற்றவர்கள் எட்டே இழைகளை வைத்துக்கொண்டு, ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைக் கொடுத்து ஓட்டிவிடுவார்கள். ஏபெர் விடுவாரா? பயணியின் பெயரை வாங்க ஓர் இழை, அதில் எழுத்துப்பிழை பார்க்க ஓர் இழை, ஜன்னல் சீட் வேண்டுமா என்று கேட்க ஓர் இழை, அது ஒழுங்காகக் கேட்டதா என்று பார்க்க இன்னோர் இழை. ஒவ்வொன்றும் பிறந்த கையோடு கணினியின் நினைவகத்தில் தனக்கென்று இடம் பிடித்துக்கொள்ளும், வேலை முடிந்த பிறகும் காலி செய்யாது. காலி செய்யச் சொல்லி அவர் எழுதியிருந்தால்தானே?

"இருக்கட்டும், பின்னாடி உதவும்" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். இறைச்சி சுடக் கூப்பிட்டால் உப்புத் தூவ ஒரு மைத்துனர், கரி கிளற ஒருவர், கிளறுகிறவரைக் கவனிக்க ஒருவர். இறைச்சி என்னவோ கருகித்தான் வரும்.

சுற்றுலா வாரம் என்று வருடா வருடம் வரும் விடுமுறைக்கு ஊரே கடற்கரைக்குக் கிளம்பும். அதற்கான பஸ் டிக்கெட்டை எங்கள் புரோகிராம்தான் விற்க வேண்டும். ஒழுங்காக ஓடினால் எங்களுக்கும் அந்த வாரம் லீவு; படுத்துவிட்டால் வாரம் முழுக்க ஆபீஸ். எங்கள் தலைவி மிர்தா கடற்கரையில் அடிக்கப் புதுக் கூடாரமே வாங்கி வைத்திருந்தார்.

காலை ஒன்பதுக்கு விற்பனை திறந்தது. ஒன்பது நாலுக்குப் படுத்துவிட்டது. பதினோராயிரம் இழைகள், நினைவகத்தில் குண்டூசி வைக்க இடமில்லை.

மிர்தாவின் கையில் மாத்தே குவளை. மாத்தே என்பது கசப்பான இலைத் தேநீர்; அதை நாங்கள் ஒரே குவளையில், ஒரே உறிஞ்சுகுழலில், முறை வைத்துக் குடிப்போம். போதுமென்றால் "நன்றி" சொல்லிக் குவளையைத் திருப்பித் தர வேண்டும். சொல்லாதவருக்கு மறுபடியும் ஊற்றுவார்கள்.

"ஏபெரு, உன் இழையில ஒண்ணாவது இன்னிக்கு வரைக்கும் நன்றி சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருக்கா?"

"பாவம், அதுங்க சும்மாதானே உக்காந்திருக்கு."

"பதினோராயிரம் பேர் சும்மா உக்காந்தா, டிக்கெட் வாங்க வந்தவன் எங்கய்யா நிப்பான்?"

ஏபெர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன, யாரு சும்மா உக்காந்திருக்காங்கன்னு பாக்க ஒரு இழை போட்டுடறேன்."

மிர்தா கூடாரத்தை எடுத்துவந்து ஆபீஸ் நடுவிலேயே அடித்தார். அந்த வாரம் முழுக்க நாங்கள் அதில் முறை வைத்துத் தூங்கினோம். ஏபெரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்?