கடல் ராசாவின் ஒற்றை நட்சத்திரம்

"படம் பேரு என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டார் லியோன். பிட்ட இட்லி வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"'திருக்கை மனிதன்'. அதுல வார கடல் முழுக்க பையன் கம்ப்யூட்டர்ல செஞ்சதாம்" என்றாள் அவர் மனைவி ஜெபராணி.

பையன் பெயர் ஜெர்வின், சொந்த ஊர் மணப்பாடு, சென்னையில் சினிமாவுக்கு கிராஃபிக்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தாயும் மகனும் பெண் பார்க்க வருகிறார்கள் என்று மீதியையும் சொல்லிக்கொண்டே சட்னியை ஊற்றினாள். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். மகள் ஸ்டெஃபி சரி என்று சொல்லிவிட்டாளாம்.

இது லேசுப்பட்ட விஷயமில்லை. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஸ்டெஃபி தட்டிக்கழித்திருந்தாள். ஒருவன் சிரிப்பு சரியில்லை. ஒருவன் சிரிக்கவே இல்லை. கப்பல் மாப்பிள்ளை ஒருவன் வந்ததிலிருந்து போகிறவரை தன் பைக்கைப் பற்றியே பேசினான். ஜெபராணி உவரி அந்தோனியாருக்கு நேர்ந்துகொள்ள இனி நேர்ச்சையே பாக்கியில்லை. அப்படிப்பட்ட பெண் முதல்முறையாகத் தலையை ஆட்டியிருக்கிறாள். இந்தச் சம்பந்தம் தன்னால் கெட்டுப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்து லியோன் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஏன் கெட்டுப்போக வேண்டும்? காரணம் இருக்கிறது.

'திருக்கை மனிதன்' ஒரு சூப்பர் ஹீரோ படம். சித்திரக் கதையாக வந்ததைப் படமாக எடுத்திருந்தார்கள். திருக்கை மீன் வாலால் அடிபட்ட ஒருவன், முதுகில் திருக்கை மாதிரியே மேலங்கியை விரித்துக்கொண்டு பறப்பான். தியேட்டரில் ஓடி முடிந்து, இப்போது வீட்டில் போட்டுப் பார்க்க இரண்டு டிஸ்க்குகளாகத் தகரப் பெட்டியில் வந்திருக்கிறது. அந்தப் பெட்டியை லியோனின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்ததே ஸ்டெஃபிதான். "எப்பா, ரெண்டையும் பாருங்க. ரெண்டாவதை விட்டுராதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

லியோன் முதல் டிஸ்க்கைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ரத்தம் கொதித்தது. இரண்டாவதில் படம் உருவான கதை இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. "படம் எடுக்கத் தெரியாதவன் எடுத்த கதையை வேற சொல்லுதானாக்கும்" என்று அதை நூலில் கட்டிப் பால்கனியில் தொங்கவிட்டார். அதன் மினுக்கத்தில் புறாத் தொல்லை பாதியாகக் குறைந்தது. பிறகு அந்தப் பெட்டியை விற்கும் இணையக் கடைக்குள் நுழைந்து, பார்வையாளர் கருத்து என்ற இடத்தில் எழுதினார்:

"மனிதன் பறக்கிறான், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சூப்பர் ஹீரோ என்றால் பறக்கத்தான் செய்வான். ஆனால் கடலா அது? காற்று ஒரு பக்கம் அடிக்கிறது, அலை வேறு பக்கம் போகிறது. இதைச் செய்தவனை உவரிக் கடற்கரையில் ஒரு மாதம் நிற்க வைக்க வேண்டும். கதாநாயகனைப் புயலில் கூட்டிப்போகிறானே ஒரு படகுக்காரன், அவன் துடுப்பைப் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் குளத்தில்கூட முகம் கழுவாதவன் என்று தெரிகிறது. அவன் கடற்கரைக்காரன் என்றால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன். பெட்டி நன்றாக இருக்கிறது. அதற்கு ஒரு நட்சத்திரம். - கடல் ராசா, திருநெல்வேலி."

ஒரு உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். கடல் ராசா உவரியில் பிறந்தவர்தான். ஆனால் கடலுக்கும் அவருக்கும் ஆகாது. படகு கரையை விட்டு நகர்ந்தால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால்தான் இளவயதிலேயே திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்கு வந்து தண்ணீர் மோட்டார் கடை போட்டுவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் பெரியப்பா மகன் புதுப் படகு இறக்கியபோது, பங்குச் சாமியார் வந்து படகை மந்திரித்து முடித்ததும் சொந்தக்காரர்களை ஏற்றிக் கடலில் ஒரு சுற்று போய்வந்தார்கள். அது ஊர் வழக்கம், மாட்டேன் என்று சொல்லக் கூடாது. லியோனும் போனார், பெரியப்பா மகன் கையில் திணித்த துடுப்போடு. அந்த ஒரு சுற்றில் என்ன நடந்தது என்பதை அவர் யாரிடமும் பேச விரும்புவதில்லை, நாமும் கேட்க வேண்டாம். கரையில் நின்று ஸ்டெஃபி அதை வீடியோ எடுத்தாள். இறங்கிய உடனே அழிக்கச் சொன்னார். "அழிச்சிட்டேன்பா" என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

கடல் ராசா யார் என்பது என்றைக்கானாலும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியத்தான் போகிறது. ஆக, அதற்கு முன் கருத்தை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. லியோன் எந்தச் சிக்கலுக்கும் அஞ்சுகிறவர் இல்லை. எத்தனையோ எரிந்துபோன மோட்டார்களை மறுபடி ஓடவைத்தவர். நேராகத் தன் மோட்டார் கடைக்குப் போய்ப் போனை எடுத்தார். கணக்கைத் திறக்க ரகசிய எண் அனுப்புகிறோம் என்றது இணையக் கடை. அனுப்பியது அவருடைய பழைய நம்பருக்கு. அதை அவர் விட்டு மாதக்கணக்காகிறது.

பழைய நம்பருக்குப் போன் போட்டார். அதை இப்போது வைத்திருப்பவர் மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து அம்பாசமுத்திரத்தில் குடியிருக்கும் ஒரு பெரியவர். லியோன் தன்மையாகவே கேட்டார், "அண்ணாச்சி, ஒங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்லுதியளா?"

"தேயிலைக் காட்டுல கெடந்தவன்னா ஏமாந்தவன்னு நெனச்சியோல?" என்று ஆரம்பித்த பெரியவர், லியோனின் பரம்பரையில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அதோடு நிற்காமல் பேரனிடம் சொல்லி இணையக் கடைக்குப் புகாரும் கொடுத்துவிட்டார். சாயங்காலம் லியோன் பார்த்தபோது, பாதுகாப்பு கருதிக் கடல் ராசாவின் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டிருந்தது. கருத்து மட்டும் அப்படியே இருந்தது. இனி அதைக் கடல் ராசாவே நினைத்தாலும் அழிக்க முடியாது.

சரி, அழிக்க முடியாததை அமுக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். நல்ல கருத்துகள் நாலு மேலே வந்தால் இது அடியில் போய்விடும். பக்கத்து இரும்புக்கடை வன்னியராஜிடம் விஷயத்தைச் சொன்னார். வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்காரர் கேட்டு இன்னொரு கடைக்காரர் இல்லை என்று சொல்வது கிடையாது. ஆனால் கடைப் பெயர் போடாமல் எதையும் எழுதுவதும் கிடையாது.

வன்னியராஜ் எழுதினார்: "உறுதியான தகரப் பெட்டி. துருப் பிடிக்காது. கைதவறி விழுந்தாலும் நெளியாது. ஐந்து நட்சத்திரம். வன்னியராஜ் அயர்ன் ஸ்டோர்ஸ், வண்ணார்பேட்டை."

எதிரில் தையற்கடை வைத்திருக்கும் ஸமீஹா எழுதினாள்: "திருக்கை மனிதனின் மேலங்கி அருமை. ஓரம் அடித்தது மட்டும் லேசாகச் சுருங்குகிறது. இதே மாடல் ஆர்டரின் பேரில் தைத்துத் தரப்படும். ஐந்து நட்சத்திரம். ஸமீஹா டெய்லர்ஸ், வண்ணார்பேட்டை." மருந்துக்கடை சாய்கிருஷ்ணன், முழுப் படமும் பார்த்தும் தலைவலி வரவில்லை என்று சான்றிதழே கொடுத்துவிட்டார். அவரைப் பார்த்து டயர் கடையும் ஜூஸ் கடையும் எழுதின.

இரண்டு நாளில் சென்னைப் பையன் ஒருவன் அடியில் கேட்டான், "வண்ணார்பேட்டையில் என்ன நடக்கிறது? ஒரு தெருவே காசு வாங்கியிருக்கிறதா? இதில் கடல் ராசா ஒருவர்தான் உண்மை பேசுகிறார்." அவ்வளவுதான். ஆளாளுக்குக் கடல் ராசாவுக்குக் கைதட்டினார்கள். அமுக்க நினைத்த கருத்து எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். உவரி ஊர்க்காரர்கள் குழுவிலும் வந்தது. நம்ம கடலோட மானத்தைக் காப்பாற்றிய மகராசன் யாரப்பா என்று அங்கே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதற்றத்திலும் லியோனுக்கு ஒரு நொடி மீசை துடித்தது. கோவில் திருவிழாவில் மாலை விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி மகள் ஞாபகம் வந்து, சந்தோஷம் அடங்கிவிட்டது.

மூன்றாவது வைத்தியத்துக்கு அவர் மனைவியின் போனைக் கைப்பற்றினார். கடல் ராசாவை யாராவது நறுக்கென்று கேட்க வேண்டும். அந்தக் காரியத்தைத் தாமே செய்வது என்று தீர்மானித்துத் தட்டினார்: "ஏலே கடல் ராசா, நீ முதல்ல கடலைக் கண்ணால பாத்திருக்கியா? படகுல ஏறுனா வாந்தி எடுக்கிற பய நீ, துடுப்பைப் பத்திப் பேசுதியா?"

தன்னைத்தானே இவ்வளவு சரியாகத் திட்டிக்கொண்டது அவருக்கே திருப்தியாக இருந்தது. அனுப்பிய பிறகுதான் பார்த்தார். கருத்தின் மேலே ஜெபராணி லியோன் என்ற பெயரும், பக்கத்தில் கல்யாணப் பட்டுச்சேலையில் ஜெபராணியின் படமும் பளிச்சென்று தெரிந்தன. கடல் ராசாவின் ஆட்கள் அதற்குள் வந்துவிட்டார்கள். "அக்கா, நீங்க தயாரிப்பாளர் சம்சாரமா?" என்று ஒருவன். "கடல் ராசா வாந்தி எடுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இன்னொருவன். லியோன் போனை அணைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

ஜெபராணி எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அந்தப் படத்தைப் பத்தி ஒரு நல்ல வார்த்தையைத் தவிர ஒங்க வாயில வேற எதுவும் வரக்கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டெஃபியோ எதுவும் நடக்காத மாதிரி நகத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தாள். "எப்பா, இன்னுமா நீங்க அந்த ரெண்டாவது டிஸ்க்கைப் பாக்கல?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். பிள்ளைக்கு நிலைமையின் ஆழம் தெரியவில்லையே என்று லியோனுக்கு வருத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஜெர்வின் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, அடக்கமாக இருந்தான். அவன் தாய் இஞ்ஞாசியம்மாள் அதிகம் பேசாதவள், எதையும் ஊன்றிப் பார்க்கிறவள். கணவர் கப்பலில் இருப்பதாகச் சொன்னாள். லியோனை "அண்ணே" என்றாள். அவரும் "தங்கச்சி" என்று பதில் மரியாதை செய்துவிட்டு, அல்வாத் தட்டை நகர்த்தி வைத்து, நேராகப் பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கினார்.

"மாப்ளை, ஒங்க கடலைப் பாத்தேன். நெசக் கடல் அதுக்கிட்ட பிச்சை வாங்கணும். அலையெல்லாம் நம்ம உவரி அலையேதான்."

"தேங்க்ஸ் மாமா."

"எல்லாத்தையும் விடுங்க, அந்தப் படகுக்காரன் ஒருத்தன் வாரானே. என்ன கம்பீரம். என்ன பிடி. தாய் வயித்துலயே துடுப்புப் பிடிச்சுட்டு வந்தவன் மாதிரி இருக்கான்."

ஜெர்வினுக்கு அல்வா தொண்டையில் சிக்கி இருமல் வந்தது. ஸ்டெஃபி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு அவன், "அது கம்ப்யூட்டர்ல செஞ்ச ஆளுதான் மாமா. ஆனா நெச மனுசர் ஒருத்தரோட வீடியோவைப் போட்டுப் பாத்துத்தான் கை, கால் அசைவு, முகச் சுளிப்பு எல்லாம் செஞ்சோம்" என்றான்.

"அந்த மனுசனைக் கண்டா கையெடுத்துக் கும்பிடுவேன்" என்றார் லியோன். அவருக்கு இப்போது நல்ல தைரியம் வந்திருந்தது. இப்படியே இன்னும் கால்மணி நேரம் புகழ்ந்தால் கரை சேர்ந்துவிடலாம்.

அப்போது பார்த்துக் காற்று அடித்தது. பால்கனியில் தொங்கிய டிஸ்க் சுழன்று, பளீரென்று ஒரு வெளிச்சத்தை இஞ்ஞாசியம்மாளின் முகத்தில் அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினாள். எழுந்து போய் டிஸ்க்கைக் கையில் பிடித்துப் பார்த்தாள். அதன் மேல் திருக்கை மனிதன் மேலங்கியை விரித்துக்கொண்டு நின்றான். அவன் நெஞ்சில் புறா எச்சம் காய்ந்திருந்தது.

ஜெபராணி சமையலறை வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். லியோன் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. பிள்ளை அழுகிறாள் என்று நினைத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

"தங்கச்சி, இனிமே மறைச்சுப் பிரயோசனம் இல்ல. அந்தக் கடல் ராசா நான்தான். படகுல ஏறத் துப்பில்லாதவன் வாய்க்கொழுப்புல எழுதிட்டேன். அந்த நல்ல கருத்தெல்லாம் நான் கடை கடையா ஏறி எழுத வாங்கினது. என் சம்சாரத்து மேலயும் தப்பில்ல, அவ பேருல எழுதினதும் நான்தான். கோவம் இருந்தா என்னை நாலு வார்த்தை வையுங்க. எம்பிள்ளை முதமுதலா ஒரு பையனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கா. அவளை மட்டும் வேண்டாம்னு சொல்லிராதீங்க."

ஜெர்வின் எழுந்து ஏதோ சொல்ல வந்தான். ஸ்டெஃபி நிமிர்ந்தாள். அழுதிருந்தாள்தான், ஆனால் அது சிரித்துச் சிரித்து வந்த கண்ணீராக இருந்தது.

இஞ்ஞாசியம்மாள் நூலை அவிழ்த்து, டிஸ்க்கைத் தன் சேலை முந்தானையால் பையத் துடைத்து, லியோனின் கையில் கொடுத்தாள்.

"இதைப் போட்டுப் பாத்துட்டு மீசையை எடுங்க சம்பந்தி; ஒங்க மக அழிச்சிட்டேன்னு சொல்லிட்டு மூணு வருசத்துக்கு முன்ன எம்மவனுக்கு அனுப்பிவச்ச வீடியோ இதுலதான் இருக்கு, அந்தப் படகுக்காரன் நீங்கதான்."