வாக்கிங் போன கார்

என்ன ஆனாலும் சரி, மனைவியை மட்டும் சர்வீஸ் சென்டர் வாசலை மிதிக்க விடக்கூடாது. பல் தேய்க்கும்போதே வாத்தியார் இந்த முடிவை எடுத்துவிட்டார். வாய் கொப்பளிக்கும்போது அதை மறுபடியும் உறுதி செய்துகொண்டார்.

விஷயம் இதுதான். அவர்களுடைய எலக்ட்ரிக் காரின் பேட்டரி ஐந்தே வருஷத்தில் கிழடு தட்டிவிட்டது. எட்டு வருஷத்துக்குள் பேட்டரியின் தெம்பு எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் கம்பெனியே சும்மா மாற்றித் தரும் என்று வாரண்டிப் புத்தகம் சொன்னது. போன வாரம் காரைச் சோதனைக்கு விட்டிருந்தார். இன்றைக்கு வந்து முடிவைத் தெரிந்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

"நீ எதுக்கு வீணா அலையற? பேட்டரின்னா பிசிக்ஸ். பிசிக்ஸ்னா நான். நான் பாத்துக்கறேன்."

"நானும் வரேங்க. இன்னிக்கு எனக்கு லீவுதான்."

"அங்க ஒரே என்ஜின் ஆயில் நாத்தமா இருக்கும்மா."

"எலக்ட்ரிக் கார்ல என்ஜின் ஆயில் ஏதுங்க?"

பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்துகிறவர் அவர். வேறு சாக்கு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் அம்மணி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டார்.

அம்மணிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஊரார் ரத்தத்தையெல்லாம் எடுத்து ரிப்போர்ட் போடுகிறவர், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரர் ரத்தத்தையும் எடுப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் போட்டி போட்டுக்கொண்டு ஏறியபோது, தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாத்தியார் ஐந்தரைக்கெல்லாம் ஷூவை மாட்டிக்கொண்டு காரில் பார்க்குக்குப் போகிறார்.

பார்க் வரைக்கும் போவது சத்தியம். உள்ளே போனதில்லை. வெளியே மரத்தடியாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, ஏசியைப் போட்டு, ஒரு மணி நேரம் அருமையாகத் தூங்குவார். எழுந்ததும் பாட்டில் தண்ணீரைக் கழுத்தில் தெளித்துக்கொள்வார். அது வியர்வை. சார்ஜ் குறைந்திருப்பதை அம்மணி கவனித்துவிடுவாரே என்று, வழியில் இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜரில் தினமும் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு வீடு திரும்புவார். தினமும் அப்படி அவசர அவசரமாக விளிம்பு வரை திணித்தால் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும் என்று பத்தாம் வகுப்புக்குப் போர்டில் படம் போட்டு விளக்கியவரும் அவரேதான்.

கார் இல்லாத இந்த ஒரு வாரமும் அவருக்கு முழங்கால் வலி.

சர்வீஸ் மேனேஜர் இருவரையும் கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். "மேடத்துக்குச் சர்க்கரை இல்லாதது" என்று தானே எடுத்துக் கொடுத்தார். இது இவருக்கு எப்படித் தெரியும் என்று வாத்தியார் யோசித்திருக்கலாம். அவர் கண்ணெல்லாம் மேஜைமேல் கிடந்த காகிதக் கட்டின்மேல் இருந்தது.

"நீ வேணா வெளிய போய்ப் புது மாடல் எல்லாம் பாரேம்மா."

"பாத்தாச்சுங்க."

"எப்ப பாத்த?"

"பாத்தாச்சுன்னா பாத்தாச்சு. நீங்க அவர் சொல்றதைக் கேளுங்க."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "தெம்பு அறுபத்து நாலு சதவீதம்தான் சார் இருக்கு. ரூல்படி மாத்தித் தரணும். ஆனா ஒரு சிக்கல். கார் எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சிருக்கு. தினம் விடியக்காலைல வண்டி வெளிய போகுது. ஒரு மணி நேரம் ஏசி ஓடுது. ஆறே முக்காலுக்கு ஃபாஸ்ட் சார்ஜ். மூணு வருஷமா இதே கதை. வாடகைக்கு விட்டீங்களா சார்? விட்டிருந்தா வாரண்டி கிடையாது."

"வாடகையா! நானா!"

அம்மணி நாற்காலியோடு திரும்பினார். "ஏங்க, தினம் காலைல நம்ம கார்ல யாருங்க ஏசி போட்டுட்டு உக்காந்திருக்கறது?"

"யாருமில்லம்மா!"

"யாருமில்லாததுக்கு எதுக்குங்க ஏசி?"

வாத்தியாருக்கு நிஜமாகவே வியர்த்தது. வாயை மூடிக்கொண்டால் பேட்டரி போகும். திறந்தால் மானம் போகும். பேட்டரியின் விலை ஞாபகத்துக்கு வந்தது. மானம் போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டார்.

"நான்தான்மா... தூங்கிட்டு இருந்தேன்."

"அப்படின்னா அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்" என்று மேனேஜர் வெள்ளைத்தாளை நீட்டினார்.

வாத்தியார் எழுதினார். 'மூன்று வருடங்களாக நான் ஒருநாள்கூட வாக்கிங் போகவில்லை. அந்த நேரத்தில் காரில் ஏசி போட்டுத் தூங்கினேன். என்னைத் தவிர அதில் வேறு யாரும் தூங்கவில்லை.'

"கழுத்துல தெளிச்சுக்கற தண்ணியையும் எழுதுங்க" என்றார் அம்மணி. "வேர்வை கழுத்துல மட்டும் வராதுங்க. நான் லேப்ல வேலை பாக்கறேன்."

அதையும் எழுதினார். காது மடல் சுட்டது. பரீட்சையில் பிட் அடித்துப் பிடிபட்ட பையன்களை அவர் எத்தனை பேரை இப்படி எழுதவைத்திருக்கிறார்!

"அப்ப வாரண்டி கிடைச்சிடும்ல?"

மேனேஜர் நெளிந்தார். "அது போன வாரமே கிடைச்சாச்சு சார். வண்டி மேடம் பேர்லதான இருக்கு? ரிப்போர்ட்டும் அவங்க போனுக்குத்தான் போகும். மறுநாளே நேர்ல வந்து எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டாங்க. 'வாடகைக்கு விட்டீங்களான்னு மட்டும் கேளுங்க, மீதியை அவரே சொல்லுவார்'னாங்க. மன்னிச்சுக்கங்க சார்."

"அப்ப இந்த லெட்டர் எதுக்கு?"

அம்மணி அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "டாக்டருக்குங்க. நடந்தும் சர்க்கரை இறங்கலைன்னா மாத்திரையை ரெட்டிப்பாக்கணும்னு சொல்லியிருக்கார்." பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "என் சமையல்தான் காரணமோன்னு மூணு வருஷமா உங்களோட நானும் உப்பில்லாம, இனிப்பில்லாமத் தின்னேன். ஊரார் ரத்தத்தை ஒரு தடவை டெஸ்ட் பண்றவ, உங்க ரத்தத்தை மட்டும் மூணு தடவை திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாப்பேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. வாத்தியாருக்குத் தலை நிமிரவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தச் சர்க்கரை இல்லாத காபியைப் பார்க்கத்தான் முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"தப்புதாம்மா. நாளைலேர்ந்து நடக்கறேன்."

"நாளைக்கு எதுக்கு?"

புது பேட்டரி போட்டு வண்டி கைக்கு வர மூன்று வாரம் ஆகும் என்றார் மேனேஜர். வெளியே அம்மணி கூப்பிட்டிருந்த வாடகைக் கார் வந்து நின்றது. வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். அம்மணி ஏறி உட்கார்ந்து, அவர் ஏறுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி மட்டும் இறங்கியது.

"வீடு நாலு கிலோமீட்டர்தாங்க. நீங்க முன்னால நடங்க. நான் பின்னாலயே வரேன்."

"முழங்கால் வலிக்குதேம்மா..."

"பக்கத்துல கார் இருந்தா உங்களுக்கு வலிக்காதுங்க. நடங்க."

வாத்தியார் நடந்தார். பத்தடி போயிருப்பார், பின்னாலிருந்து அம்மணியின் குரல் கேட்டது.

"டிரைவர், மெதுவாவே போங்க. ஏசியை மட்டும் கொஞ்சம் கூட்டி வைங்க."