ஆயுத பூஜைக்கு நான் சுத்தம் செய்த பிராஞ்சுகள்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இதை ஊரறிய ஒப்புக்கொள்ள ஓர் ஆயுத பூஜை தேவைப்பட்டது.

தேர்வாய் கண்டிகையில் பேக்கிங் மெஷின் தயாரிக்கும் கம்பெனி. மெஷினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை ஓட்டும் கெர்னலைக் (இயங்குதளத்தின் அடிவயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்) கவனிப்பது நானும் மல்லிகாவும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சர்வரில் தனி பிராஞ்ச் (கெர்னலின் ஒரு கிளைப் பிரதி) போட்டு, சரியாக வந்தபின் மெயின் என்ற மூலப் பிரதியில் சேர்ப்போம். மோட்டார் திடீரென்று நின்றுபோகும் கோளாறை மல்லிகா மூன்று வாரம் உட்கார்ந்து சரிசெய்திருந்தாள். பூஜையன்று மாலைக்குள் அனுப்பினால், உலகமே பயன்படுத்தும் கெர்னலின் அடுத்த வெளியீட்டில் அவள் பெயரோடு சேர்த்துக்கொள்வதாக, அதைப் பராமரிக்கும் வெளிநாட்டுக் குழுவிடமிருந்து மெயில் வந்திருந்தது.

காலையில் கீழே எல்லாரும் மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் துடைக்க ஒன்றுமில்லை. (கீபோர்டை ஒருமுறை ஊதினேன்.) சர்வரைத் திறந்தேன். "கடைசி", "நிஜமான கடைசி" என்று கண்டபடி நாற்பது பிராஞ்சுகள். பக்திப் பரவசத்தில் எல்லாவற்றையும் அழித்தேன். முந்தின நாள் மல்லிகா "முடிஞ்சுது" என்று சொல்லியிருந்ததால் "மோட்டார்" என்ற பிராஞ்சையும் விடவில்லை. மீட்க முடியாதபடி குப்பையையும் காலி செய்தேன்.

பொரி, சுண்டல் முடித்து மேலே வந்தால் மல்லிகா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா குமாரு, என் மோட்டார் பிராஞ்சைக் காணோம்?"

"அது மெயின்ல சேத்தாச்சுன்னு நெனச்சி... உங்க லேப்டாப்ல இருக்கும்ல?"

"நேத்துதான் டிஸ்க்கு போயி வேற மாத்துனாங்க. சர்வர்ல கீதேன்னு நிம்மதியா இருந்தேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளையும் கூட்டிக்கொண்டு கீழே ஓடினேன்.

மிச்சமிருந்த ஒரே பிரதி கீழே சோதனை மெஷினில் இருந்தது. அதற்கு மாலை போட்டுப் படைத்தாகிவிட்டது. மறுநாள் மறுபூஜைவரை யாரும் தொடக்கூடாது. பக்கத்தில் காவலாக நின்றவர் ஃபோர்மேன் ஏழுமலை, என் சொந்தச் சித்தப்பா.

"சித்தப்பா, அஞ்சே நிமிஷம் ஆன் பண்ணிக்கிறேன்."

"இன்னா நைனா, வெளாட்றியா? சாமிக்கு வச்ச மிசினு. நாளைக்கு வா."

"நாளைக்குன்னா மல்லிகா மூணு வாரம் பண்ண வேலை வீணாப் போய்டும். நான்தான் அழிச்சிட்டேன்."

சித்தப்பா மல்லிகாவைப் பார்த்தார். மூன்று வாரமாக அவள் செய்த மாற்றங்களை அந்த மெஷினில் ஓட்டிப் பார்த்துச் சொன்னவர் அவர்தான்.

"அந்தப் பொண்ணுக்கோசரம் உட்றேன். பேஜாரு பண்ணது நீ, சாமிகிட்ட நீயே சொல்லிக்கோ. புடி காதை."

ஷிப்ட் மொத்தமும் பொரி கொறித்தபடி எண்ண, மெஷின் முன்னால் இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டேன். பதினான்கில் பேன்ட் கிழிந்தது. (யாரும் எண்ணுவதை நிறுத்தவில்லை.) சித்தப்பா கற்பூரம் ஏற்றிவிட்டு, சந்தனம் பூசிய ஸ்விட்சைத் தானே போட்டார். பிராஞ்ச் பத்திரமாக இருந்தது. மல்லிகா அன்று மாலையே அனுப்பிவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த வெளியீட்டில் அவள் பெயர் வந்தது. அதன் கீழே, சோதித்துப் பார்த்தவர் என்ற வரியில், ஏழுமலை என்று எழுதியிருந்தாள். முறைப்படி அது சரிதான். அழித்தவருக்கென்று கெர்னலில் யாரும் வரி ஒதுக்கவில்லை.

இன்றுவரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சித்தப்பா பந்தியில் ஆரம்பித்துவிடுகிறார்: "ஒலகத்துல எந்தக் கம்ப்யூட்டரைத் தொறந்தாலும் எம் பேரு கீது. எங்க ஊட்டு இஞ்சினியரு பேரைத் தேடிப் பாருங்க, கெடைக்காது. அதையும் அவரே சுத்தம் பண்ணிட்டாரு!"